கணவர் மணவிலக்கு மனு தாக்கல் செய்துவிட்டார், வழக்கறிஞர் வைக்க வசதியில்லை. பதில் கொடுப்பது எப்படி?

பிறை, இரு பிள்ளைகளின் அம்மா:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில், பினாங்கு பெருநிலத்தில், பிறையில் இருக்கிறேன். மின்னணுத் தொழிற்சாலையில் ஆபரேட்டர் வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்ட் என்றால் அடுத்த வாரம் இரவு ஷிப்ட். மகனுக்கு ஒன்பது வயது, தமிழ்ப்பள்ளியில் படிக்கிறான். மகளுக்கு ஐந்து, பாலர் பள்ளிக்குப் போகிறாள். என் அம்மா எங்களோடுதான் இருக்கிறார்.

சென்ற வாரம் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்தார். என் பெயரைக் கேட்டார், அடையாளக் கார்டைப் பார்த்தார், தடிமனான உறை ஒன்றைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். உள்ளே உயர்நீதிமன்ற முத்திரையுடன் மணவிலக்கு மனு. எல்லாம் மலாயில். படிக்கத் தெரியும், ஆனால் சட்ட மலாய் என்பதால் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது.

என் கணவர் லாரி ஓட்டுகிறார். முந்தைய தீபாவளி முடிந்த கையோடு வீட்டைவிட்டுப் போய், இப்போது சுங்கைப் பட்டாணியில் இருக்கிறார். முதலில் சில மாதம் பிள்ளைகளுக்கென்று முந்நூறு வெள்ளி (ரிங்கிட்) அனுப்பினார். பிறகு அதுவும் நின்றது. மனுவில் கதை வேறாக இருக்கிறது. நான்தான் அவரை வீட்டிலிருந்து விரட்டினேனாம். இரவு வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைக் கவனிக்காமல் விடுகிறேனாம். மகன் அவரிடம் வர வேண்டும், மகள் என்னிடம் இருக்கலாம், வீடு அவருக்கு, ஜீவனாம்சம் எதுவும் கிடையாது, வழக்குச் செலவை நான் கொடுக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் கேட்டிருப்பவை இவை.

இந்தத் திருமணம் முடிந்துவிட்டது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் என் பிள்ளைகள் இருவரையும் பிரிப்பதற்கு நான் ஒப்ப மாட்டேன். அவன் காலையில் தங்கைக்குச் சப்பாத்து மாட்டிவிட்டுத்தான் பள்ளி வேனில் ஏறுகிறான். வீடு அவர் பெயரில் இருக்கிறது, உண்மை. மாதத் தவணை என் வங்கிக் கணக்கிலிருந்துதான் போகிறது, அதுவும் உண்மை.

பட்டர்வர்த்தில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். முன்பணம் மட்டும் ஐயாயிரம் வெள்ளி என்றார். என் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல் அது. வழக்கறிஞர் இல்லாமல் நானே பதில் கொடுக்க முடியுமா? எங்கே போய்த் தொடங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் அக்கா:

தங்கை, முதலில் ஒன்று. அந்தக் காகிதத்தை வாங்கியதாலோ கையெழுத்துப் போட்டதாலோ நீங்கள் எதற்கும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. வாங்கினேன் என்பதற்கு மட்டுமே அந்தக் கையெழுத்து. வாங்காமல் கதவைச் சாத்தியிருந்தாலும் பயனில்லை. நேரில் கொடுக்க முடியவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லி, வீட்டுக் கதவில் ஒட்டவும் பத்திரிகையில் போடவும் அனுமதி வாங்கிவிடுவார்கள்.

நான் இதே பாதையில் போய் வந்தவள். ஜபாத்தான் பந்துவான் குவாமான் என்று அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. முஸ்லிம் அல்லாதவர்களின் மணவிலக்கு வழக்கையும் எடுப்பார்கள். வருமானத்தைப் பார்த்துத் தகுதியை முடிவு செய்வார்கள். உங்கள் சம்பளத்துக்கு அவசியம் போய்க் கேளுங்கள். அடையாளக் கார்டு, திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதி விவரம், வந்த மனுவும் நோட்டீசும் முழுவதுமாக, எல்லாவற்றையும் அசலும் நகலுமாகக் கொண்டு போங்கள். நான் போன அன்று பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சம்பளச் சீட்டு இல்லாமல் வந்து, மறுபடி வரச்சொல்லி அனுப்பப்பட்டார். பாவம், கைக்குழந்தையோடு வந்திருந்தார்.

அது தவிர, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கிலும் உண்டு. அங்கும் வருமானம் பார்த்துத்தான் எடுப்பார்கள். சிலர் யாயாசான் பந்துவான் குவாமான் என்று சொல்லி உங்களை அனுப்புவார்கள். 2011இல் தொடங்கிய அந்த அறநிறுவனம் முதன்மையாகக் கைதானவர்களுக்கும் குற்றவியல் வழக்குக்கும் உதவுவதற்காக அமைக்கப்பட்டது. உங்கள் காரியத்துக்கு அங்கே அலைய வேண்டாம்.

பெண்கள் மாற்றத்திற்கான மையம் 1985இலிருந்து பினாங்கில் இருக்கிறது. ஆலோசனை இலவசம். மனுவை எடுத்துக்கொண்டு போனால் உட்கார வைத்து ஒவ்வொரு பத்தியாக விளக்குவார்கள். எனக்கு அங்கே கிடைத்த தைரியம் வேறெங்கும் கிடைக்கவில்லை. அவர் எப்போதாவது கை நீட்டியிருந்தால் அதையும் அங்கே மறைக்காமல் சொல்லுங்கள். அதற்குத் தனிப் பாதுகாப்பு உத்தரவு உண்டு.

முன்னாள் குமாஸ்தா, ஜார்ஜ்டவுன்:

பல ஆண்டு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். வழக்கறிஞர் அல்ல, ஆனால் இந்த மனுக்கள் என் கை வழியாக நிறையப் போயிருக்கின்றன. அக்கா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் சட்ட உதவிக்கு விண்ணப்பித்துவிட்டு அதன் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். நீதிமன்றத்தின் நாள்கணக்கு உங்கள் விண்ணப்பத்துக்காக நிற்காது.

உறையைத் திறந்து மேலே இருக்கும் நோட்டீசைப் பாருங்கள். எத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். குறைவான நாள்தான் இருக்கும். உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணிக் காலண்டரில் வட்டமிடுங்கள். நோட்டீசோடு ஒரு படிவமும் இருக்கும், மனு கிடைத்ததை ஒப்புக்கொள்ளும் படிவம். அதைத்தான் முதலில் நிரப்பித் தர வேண்டும். நிரப்பும்போது நிதானம் தேவை. மணவிலக்கை எதிர்க்கிறீர்களா என்பது ஒரு கேள்வி. பிள்ளைகள், ஜீவனாம்சம், சொத்து, செலவு இவற்றில் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. ‘எனக்கும் மணவிலக்கு வேண்டும்தானே’ என்று நினைத்து எல்லாவற்றுக்கும் எதிர்ப்பில்லை என்று எழுதிவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு அவர்களுக்குக் கிடைத்தது அந்தக் கடைசிப் பக்கத்தில் கணவர் கேட்டது மட்டுமே. நீங்கள் வராவிட்டால் நீதிபதி முன் ஒரு தரப்புக் கதைதான் இருக்கும், அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாட உரிமை உண்டு. பதில் மனு எழுதும் முறையைச் சொல்கிறேன். பென்சிலை எடுத்துக்கொண்டு மனுவின் ஓரத்தில் ஒவ்வொரு பத்திக்கும் எதிரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன், எனக்குத் தெரியாது. திருமணத் தேதி, பிள்ளைகள் பிறந்த தேதி சரியென்றால் ஒப்புக்கொள்ளுங்கள், அதில் சண்டை வேண்டாம். விரட்டினேன் என்ற பத்திக்கு வெறுமனே மறுக்கிறேன் என்று விடாமல், அவர் எப்போது போனார், எங்கே இருக்கிறார், பணம் எந்த மாதத்தோடு நின்றது என்று இரண்டே வரியில் எழுதுங்கள். இரவு வேலை பற்றிய பத்திக்கு இப்படி எழுதலாம் (எதிர்மனுதாரர் என்றால் நீங்கள்): ‘எதிர்மனுதாரர் இரவு ஷிப்டில் இருக்கும் நாள்களில் பிள்ளைகள் இருவரும் தங்கள் சொந்த வீட்டில், தங்களுடனேயே வசிக்கும் பாட்டியின் பராமரிப்பில் இருக்கிறார்கள்.’ அவ்வளவு போதும். அவரைப் பற்றிய கோபத்தை அதில் கொட்ட வேண்டாம். கோபம் நியாயமானதுதான், ஆனால் நீதிபதி தேடுவது தேதியும் தொகையும் பெயரும் ரசீதும். கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்களும் கேட்க வேண்டும், எதிர்மனுவாக. கேட்காததை நீதிமன்றம் தானாக எடுத்துக் கொடுக்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

மலாயில் எழுதுங்கள். சத்தியப் பிரமாண வாக்குமூலம் தேவைப்பட்டால் பெசுருஜாயா சும்பா, அதாவது சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்திட வேண்டும். வாசகம் உங்களுக்கு முழுதாக விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள், மொழிபெயர்த்துச் சொன்ன பிறகே கையெழுத்து. விசாரணையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கவும் தயங்காதீர்கள். வழக்கறிஞர் இல்லாதவர்கள் நீதிமன்றத்தில் இருக்கும் மின்தாக்கல் சேவை முகப்பில் கொடுத்துத் தாக்கல் செய்யலாம். ஒரு பிரதி கணவரின் வழக்கறிஞருக்குப் போக வேண்டும். உங்கள் பிரதியில் அவர்களுடைய முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த அலுவலகத்தைவிட்டு வெளியே வராதீர்கள். அங்கே வேறு எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்திட வேண்டாம். எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் அவர் உங்கள் கணவரின் வழக்கறிஞர்.

இனி சட்டம். நமக்குப் பொருந்துவது 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம், 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. பிள்ளைகள் யாரிடம் என்பதை 88ஆவது பிரிவு சொல்கிறது. பிள்ளையின் நலன்தான் முதன்மை. ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்று சட்டம் அனுமானிக்கிறது, எதிர்த்தரப்பு அதை மறுத்து நிரூபிக்கலாம். உங்கள் மகளுக்கு அது துணை. மகனுக்கு வயது கடந்துவிட்டது, அதனால் அவன் விஷயத்தில்தான் நீங்கள் உழைக்க வேண்டும். பிள்ளைகளை ஒன்றாகவே விட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஒவ்வொருவரின் நலனையும் தனித்தனியே பார்க்கச் சொல்கிறது. ஆகவே அவன் இருக்கும் பள்ளி, பாட்டி, தங்கை, பழகிய வீடு, இவற்றிலிருந்து அவனைப் பெயர்ப்பது அவனுக்கு எப்படித் தீங்கு என்று காட்டுங்கள். பெற்றோர் சந்திப்புக்கு யார் வந்தார் என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும். மருத்துவ அட்டையில் யாருடைய கையெழுத்து என்று பாருங்கள். லாரி ஓட்டுபவர் இரவில் எங்கே இருப்பார், அப்போது மகனை யார் பார்ப்பார் என்ற கேள்வியையும் பதில் மனுவிலேயே வையுங்கள்.

பிள்ளைகளின் செலவுக்குத் தந்தை கொடுத்தாக வேண்டும், 92ஆவது பிரிவு. முன்பு பதினெட்டு வயதோடு நின்றது. 2018 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தால், உயர்கல்வியோ பயிற்சியோ முடியும்வரை நீளலாம். மனைவிக்கு வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சம் கேட்க 77ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. வீடு அவர் பெயரில் இருப்பது முடிந்த கதை அல்ல. திருமண காலத்தில் சேர்த்த சொத்தைப் பிரிக்கும்போது யார் பணம் போட்டார், யார் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார் என்று 76ஆவது பிரிவின்படி கணக்கில் எடுப்பார்கள். தவணை போன வங்கிக் கணக்கு விவரத்தை முதல் மாதத்திலிருந்து கேட்டு வாங்குங்கள்.

நாள் தவறிவிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், அதோடு விட்டுவிடாதீர்கள். படிவத்தை எடுத்துக்கொண்டு உடனே நீதிமன்றத்துக்குப் போய், தாமதமாகத் தாக்கல் செய்ய அனுமதி கேளுங்கள்.

புக்கிட் மெர்தாஜாம் பெரியவர்:

மகளே, படித்து மனம் கனத்தது. நான் கோயில் நிர்வாகத்தில் பல காலம் இருந்தவன். இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் உட்கார வைத்துப் பேசினால் பாதி வழக்குகள் தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். நீதிமன்றம் ஏறி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல ஆரம்பித்தால், அந்தப் பிள்ளைகள் அதையெல்லாம் ஒரு நாள் படிப்பார்கள். மாப்பிள்ளை பக்கத்தில் நல்லது சொல்லக்கூடிய ஒரு தாய்மாமனோ பெரியப்பாவோ இல்லையா? அவர் மூலம் பேசிப் பார்க்கலாமே.

முன்னாள் குமாஸ்தா, ஜார்ஜ்டவுன்:

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது, நானும் பேச்சுக்கு எதிரி இல்லை. பேசி ஒத்துவந்தால் அதை இருவரும் சேர்ந்து நீதிமன்றத்தில் சொல்லிச் சம்மத உத்தரவாக வாங்கலாம். 52ஆவது பிரிவின்படி கூட்டு மனுவாகப் போகவும் வழியுண்டு. நீதிமன்றத்திலேயே நீதிபதியோ பதிவதிகாரியோ நடத்தும் சமரசப் பேச்சும் இருக்கிறது, அதற்குக் கட்டணம் இல்லை.

ஆனால் கோயில் மண்டபத்தில் கொடுத்த வாக்கு, பணம் வராத மாதத்தில் கைகொடுக்காது. மாதம் இவ்வளவு, இந்தத் தேதிக்குள், இந்தக் கணக்கில் என்று உத்தரவில் இருந்தால்தான் பிறகு அதை வைத்து நீதிமன்றத்தின் உதவியைக் கேட்க முடியும். அதனால் பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், பதில் மனு நாளுக்குள் போய்ச் சேரட்டும். பேசிக்கொண்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் நாள் ஓடிவிடக் கூடாது.

பிறை, இரு பிள்ளைகளின் அம்மா:

பெரியவருக்கு என் வணக்கம், ஐயா. அவருடைய பெரியப்பாவிடம் நான் பேசினேன். நல்ல மனிதர், அழுதார். மகன் விஷயத்தில் தம்பி மகன் இறங்கி வர மாட்டான் என்றார். பேச்சை நிறுத்தவில்லை, ஆனால் அண்ணன் சொன்னபடி பதிலையும் நிறுத்தவில்லை.

இரவு ஷிப்ட் முடிந்து காலையில் நேராக ஃபெர்ரி ஏறி அக்கரை போனேன். மணிக்கூண்டைத் தாண்டி உயர்நீதிமன்றம் இருக்கும் லெபோ லைட் வரை நடந்தேன். முகப்பில் இருந்த அம்மா, வழக்கறிஞர் இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை, நான்தான் என்றேன். அவர் வேறொன்றும் கேட்காமல் படிவத்தைப் பார்த்து, தேதியை நிரப்பாமல் விட்டிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். ஒப்புகைப் படிவம் கொடுத்தாகிவிட்டது. பிள்ளைகள், ஜீவனாம்சம், வீடு எல்லாவற்றிலும் என் தரப்பைக் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். மணவிலக்குக்குத் தடையில்லை என்றும், சொல்லப்பட்ட காரணங்களை மறுக்கிறேன் என்றும் பதில் மனுவில் எழுதப்போகிறேன்.

சட்ட உதவித் துறையில் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டார்கள், இன்னும் முடிவு சொல்லவில்லை. அக்கா சொன்ன பட்டியல்படி கொண்டுபோனதால் திரும்ப வரச் சொல்லவில்லை, மிக்க நன்றி அக்கா. வங்கியில் தவணை விவரம் கேட்டிருக்கிறேன்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நீதிபதி என் மகனைக் கூப்பிட்டு யாரிடம் இருக்க விருப்பம் என்று கேட்பாரா? அவனை நான் எப்படித் தயார் செய்வது?

முன்னாள் குமாஸ்தா, ஜார்ஜ்டவுன்:

கேட்கலாம். சொந்தமாகக் கருத்துச் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தையும் பார்க்க வேண்டும் என்று அதே 88ஆவது பிரிவில் இருக்கிறது. பெரும்பாலும் நீதிபதி தம் அறையில் தனியாக, மெதுவாகப் பேசுவார். கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கும் காட்சியை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

தயார் செய்யாதீர்கள் தங்கை. ஒரு சொல்கூடச் சொல்லிக்கொடுக்காதீர்கள். சொல்லிக்கொடுத்த வாக்கியம் ஒன்பது வயதுப் பிள்ளையின் வாயில் உடனே தெரிந்துவிடும், அது உங்களுக்கு எதிராகத்தான் திரும்பும். அதைவிட, அவன் அப்பாவைத் தேர்ந்தெடுக்கவோ கைவிடவோ வேண்டிய நிலை அவனுக்கு வரக் கூடாது. அப்பா சனி ஞாயிறுகளில் வந்து பார்க்கட்டும், பள்ளி விடுமுறையில் கூட்டிப்போகட்டும் என்று உங்கள் எதிர்மனுவிலேயே எழுதுங்கள். அவர் பிள்ளையைப் பார்ப்பதை நீங்கள் தடுக்கவில்லை என்பது தெரிந்தால் உங்கள் பக்கம் பலப்படும், மகனுக்கும் பாரம் குறையும்.

ஜெலுத்தோங் அக்கா:

விசாரணை நாளில் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் பெண்கள் மையத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தீர்ப்பு வந்த உடனே எல்லாம் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். முதலில் வருவது இடைக்கால ஆணை, அது இறுதியாவதற்குப் பொதுவாக மூன்று மாதம் ஆகும். இறுதி ஆணையின் சான்றளிக்கப்பட்ட பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிவிலாகாவில் தொடங்கி எங்கு போனாலும் அதைத்தான் கேட்பார்கள்.

பிறை, இரு பிள்ளைகளின் அம்மா:

அவனிடம் எதுவும் பேச மாட்டேன், அண்ணா. அப்பா வந்து பார்ப்பதை எழுதிவிடுகிறேன், அது எனக்கும் சம்மதம்தான். வகுப்பாசிரியை கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை எனக்கு ஓய்வு நாள். பதில் மனுவின் முதல் வரைவை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போகிறேன்.